பாவு அறுந்து போகாமல் இருக்க வேண்டி

அந்தச் செவ்வாய்க்கிழமை நவநாள் வழிபாட்டில் கோடி அற்புதர் பதுவை அந்தோணியாரிடம் வைக்கப்பட்ட விண்ணப்பங்கள் மொத்தம் நாற்பத்தொன்று. அதில் இருபத்தேழாவது என் அம்மாவுடையது. அதற்கு முன்னால் வாசித்த இருபத்தாறிலும் பின்னால் வாசித்த பதினான்கிலும் யாரும் எந்தக் குறையும் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாற்பத்தொன்றையும் தட்டச்சு செய்தது நான்தான்.

முன்பெல்லாம் எங்கள் பங்குக் கோயிலில் துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். நவநாளில் அதை அப்படியே வாசிப்பார்கள். கையெழுத்து புரியாவிட்டால், "இந்தக் குடும்பத்தின் நல்ல கருத்துக்காக" என்று சொல்லி அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தோணியாருக்குப் புரிந்தது போலிருக்கிறது. யாரும் புகார் சொன்னதில்லை. சென்ற வருடம் பங்குப் பேரவை கூடி, இந்த முறை காலத்துக்குப் பொருந்தாது என்று தீர்மானம் போட்டது. இனி விண்ணப்பங்கள் தட்டச்சு செய்யப்படும், வரிசை எண் இடப்படும், மூன்று படிகள் எடுக்கப்படும். வாசிப்பவருக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று, அந்தோணியாரின் பாதத்தில் வைக்க ஒன்று. நான் பகலில் பேருந்து நிலையம் அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன், மாலையில் தட்டச்சு வகுப்புக்குப் போகிறேன். "பழக்கம் வேணும்னா கோயில்ல போய் அடி" என்று வகுப்பு ஆசிரியை சொன்னதால் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

அம்மாவின் பெயர் கங்கையம்மாள். ஓரிக்கையில் எங்கள் வீட்டில் ஒரு பட்டுத்தறி இருக்கிறது. அப்பா போன பிறகு அம்மாதான் நெய்கிறாள். வீட்டில் பாதி இடம் தறிக்கும் நெய்பவர் கால் வைக்கும் குழிக்கும், மீதி எங்களுக்கு, அலமாரிக்கு மேல் ஒரு சாண் அந்தோணியாருக்கு. அம்மா அவரிடம் பேசுவது பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலத்தான் இருக்கும். தொலைந்ததைத் தேடித்தருவது அவர் வேலை என்பதால், எதையாவது தொலைத்துவிட்டால் அவருடைய சுரூபத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைப்பாள். "பொருளக் குடுத்துட்டு அப்புறம் என் மூஞ்சிய பாரு" என்பாள். ஒருமுறை கேஸ் புத்தகம் கிடைக்காமல் அவர் பதினொரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் அது அரிசி டிரம்முக்கு அடியில் கிடைத்தது. அம்மா அவரைத் திருப்பி வைத்து, ஒரு ஊதுபத்தியும் கொளுத்தி வைத்தாள். இரண்டு பக்கமும் மனக்கசப்பு எதுவும் இல்லை.

அந்த வாரம் தறிக்குப் புதுப் பாவு வந்திருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். நாலாயிரத்துச் சொச்சம் இழைகள். பழைய பாவின் நுனியோடு புதியதை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். வெயில் அதிகமானால் பட்டு மொறமொறத்து அறும். அறுந்ததைத் தேடித் தேடிப் பிணைப்பதிலேயே நாள் போய்விடும். அதனால் அம்மா தன் கையாலேயே சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டாள்: "பாவு அறுந்து போகாமல் இருக்க வேண்டி. கங்கையம்மாள், ஓரிக்கை."

நவநாளில் விண்ணப்பங்களை வாசிப்பவர் புலவர் மாணிக்கவேல். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பேரவை உறுப்பினர். கண் முன்னால் இருப்பதைக் கணீரென்று வாசிப்பார். அது என்ன என்று யோசிப்பதை அவர் வேலையாகக் கருதியதில்லை.

"பாவம்," என்று ஆரம்பித்து, ஒரு நொடி நிறுத்தி, "அறுந்து போகாமல் இருக்க வேண்டி. கங்கையம்மாள், ஓரிக்கை" என்றார்.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று இருநூறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அம்மாவும் பழக்கத்தில் சொல்லிவிட்டாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி சொன்னாரு அந்த ஆளு?"

"பாவம்னு சொன்னாரும்மா."

"யாரு பாவம்?"

"உன்னுதுதான்."

வெளியே வந்ததும் பூக்காரி வடிவு அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா பாவம் கங்கையம்மா அது, உடவே மனசு வரமாட்டேங்குது? நல்ல பாவமா இருந்தா எங்களுக்கும் சொல்லேன்."

அன்று இரவே சோதித்துப் பார்த்தேன். பங்கு அலுவலகக் கணினி பழுதானதால் அந்த வாரப் பட்டியலை என் கைப்பேசியில் அடித்திருந்தேன். 'பாவு' என்று பத்து முறை அடித்தேன். ஏழு முறை கைப்பேசி தானாகவே அதைப் 'பாவம்' என்று மாற்றியது, மூன்று முறை விட்டுவிட்டது. ஆக, குற்றம் கைப்பேசியுடையது. ஆனால் சரிபார்க்காதது என் குற்றம். இரண்டையும் எப்படிப் பங்கிடுவது என்று தெரியவில்லை. புதன்கிழமை மன்னிப்புக் கடிதம் ஒன்று அடித்து, இந்த முறை மூன்று தடவை சரிபார்த்து, அலுவலகத்தில் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அது அம்மா பெயருக்கு வந்திருந்தது.

"பொருள்: பாவத்தைத் தொடர விரும்பி விண்ணப்பித்தல் – விளக்கம் கோருதல் – தொடர்பாக. பார்வை: தங்கள் விண்ணப்பம், வரிசை எண் 27. மேற்படி விண்ணப்பத்தின் மூலம் தாங்கள் தங்கள் பாவம் அறுந்துவிடாமல் நீடிக்க வேண்டும் என்று புனிதரைக் கேட்டுக்கொண்டது பேரவையின் கவனத்துக்கு வந்துள்ளது. விசாரணை முடியும்வரை தாங்கள் ஞானத்தாய் உள்ளிட்ட எந்தப் பொறுப்பிலும் நிற்கத் தகுதியற்றவர் என இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது."

கடைசி வரியைப் படித்ததும் அம்மா தறியிலிருந்து எழுந்துவிட்டாள்.

காரணம் இதுதான். எங்கள் பக்கத்து வீட்டு சந்தியாவுக்கு நான்கு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டு முறையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாதான் அவளோடு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது முறை சந்தியா அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டாள்: இது பிழைத்தால் கங்கையம்மா பெரியம்மாவை ஞானத்தாயாக நிறுத்தி, அவள் கையில் வைத்து ஞானஸ்நானம் கொடுப்பேன் என்று. பிழைத்தது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது; இன்னும் பதினாறு நாள். அம்மா குழந்தைக்கென்று தறியில் மிஞ்சிய பட்டில் ஒரு முழத் துண்டுகூட நெய்து வைத்திருந்தாள்.

நாங்கள் முதலில் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனோம். அவர் கடற்கரைப் பக்கத்துக்காரர், நல்லவர், புதிதாக வந்தவர். அம்மா பாவு என்றால் என்ன என்று கையை நீட்டி அளந்து காட்டினாள்.

"எங்க ஊர்ல வலை அறுந்துடாம இருக்கணும்னு வேண்டிக்குவாங்க. அது மாதிரிதானேம்மா?" என்றார்.

"அதேதான் சாமி! அதுக்கு இங்க பேரு பாவு."

"எனக்குப் புரியுதும்மா. நல்லாப் புரியுது." அவர் மேசையைப் பார்த்தார். மேசை காலியாக இருந்தது. "ஆனா கோப்பு என்கிட்ட இல்லையே."

விசாரணை சனிக்கிழமை மாலை நடந்தது. நான் வகுப்புக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். பேரவையின் துணைத் தலைவர் துரைக்கண்ணு நடுவில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையார்பாளையத்தில் அவருக்கு நாற்பது தறிகள் உண்டு. தினமும் காலையில் அவர் வீட்டு வாசலில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டுவார்கள். அந்த நேரத்தில் அவருடைய காரே வெளியே போக முடியாது. அவர் பக்கத்தில் புலவர் மாணிக்கவேல், அவருக்குப் பக்கத்தில் இன்னும் ஐந்து பேர். எங்கள் தெருவிலிருந்து யாரும் பேரவையில் இல்லை. எட்டாவது நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அதன்மேல் கோப்பை வைத்திருந்தார்கள்.

கடிதத்தில் 'தாங்கள்' என்று இருந்தது. நேரில் 'நீ' ஆகிவிட்டது. தட்டச்சுப் பிழையாக இருக்கலாம்.

"உன் மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்லம்மா" என்றார் துரைக்கண்ணு. "ஆனா நடந்தது இன்னா? இருநூறு பேரு ஒண்ணா சேர்ந்து மன்றாடிட்டாங்க. விண்ணப்பம் மேல போயிடுச்சு. மேல போனத நாம எப்படி திருப்பி வாங்கறது? அதுக்கு ஒரு முறை வேணுமில்ல?"

"ஐயா, நான் எழுதினது பாவுங்க. தறியில ஓடுமே, பாவு. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கா தெரியாது?" அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். "நாற்பது தறி ஓட்டறவன்மா நான். பாவுன்னா எனக்கு நல்லாத் தெரியும். ஆனா இந்த நாற்காலியில வந்து உக்காந்துட்டா எனக்குத் தறி தெரியாது. அதுக்குப் பேருதான் நடுநிலைமை."

நான் எழுந்து, பத்தில் ஏழு முறை கைப்பேசிதான் மாற்றியது என்ற என் சோதனை முடிவைச் சமர்ப்பித்தேன்.

"அப்படின்னா பத்துல மூணு முறை சரியா வந்திருக்குது" என்றார் அவர். "நீ இன்னா பரீட்சை பாஸ் பண்ணியிருக்கம்மா?"

"தட்டச்சு இளநிலை எழுதினேங்க. ஒருமுறை தவறிடுச்சு."

"எழுதிக்குங்க" என்று செயலரிடம் சொன்னார். "தேர்வில் தேறாதவர் சாட்சி. ஏத்துக்கிறதுக்கில்ல."

பிறகு புலவர் மாணிக்கவேல் பேசினார். அம்மா எழுதிய மூலச் சீட்டைக் கண்ணாடிக்கு அருகே வைத்துப் பார்த்துவிட்டு, அரைமணி நேரம் விளக்கினார். நான் குறித்துக்கொண்டது இது: 'பாவு' என்பது 'பாவம்' என்பதன் கடைக்குறை. ஈற்றில் மகரம் கெட்டு, அவ்விடத்தில் உகரம் வந்து ஒட்டியது. எளிய மக்கள் சொற்களைக் கடித்துப் பேசுவது வழக்கம். எனவே சீட்டில் இருப்பதும் பாவமே, வாசிக்கப்பட்டதும் பாவமே. தட்டச்சில் பிழையே இல்லை.

எனக்கு ஒரு கணம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. என் தட்டச்சில் பிழை இல்லை என்று ஒருவர் சொல்வது அதுதான் முதல் முறை.

"அப்ப தறியில இருக்குறது இன்னாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அது தறியில் உள்ள பாவு" என்றார் புலவர். "நாம் பேசிக்கொண்டிருப்பது கோப்பில் உள்ள பாவு."

மறுநாள் ஞாயிறு பூசைக்குப் பின் சுற்றறிக்கை எண் நான்கு ஒட்டப்பட்டது. அதை நான்தான் தட்டச்சு செய்தேன். "இனிமேல் விண்ணப்பங்களில் 'பாவு' என்ற சொல் காணப்படும் இடங்களிலெல்லாம் அது 'பாவம்' என்றே திருத்தித் தட்டச்சு செய்யப்பட வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. – துணைத் தலைவர்."

அதோடு அங்கீகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் பட்டியல் ஒன்றும் வந்தது. மொத்தம் இருபத்துநான்கு. எண் ஒன்று உடல்நலம், எண் இரண்டு வேலைவாய்ப்பு, எண் மூன்று வெளிநாட்டு வேலைவாய்ப்பு. எண் ஒன்பது காணாமல் போனவை. அதில் அசையும் பொருள், அசையாப் பொருள் என்று இரண்டு உட்பிரிவுகள். முசரவாக்கத்திலிருந்து தன் ஆட்டைத் தேடித்தரச் சொல்லி வேண்ட வந்த ஒரு பெரியவர், ஆடு நடந்து போனதால் அது அசையும் பொருளா, உயிருள்ளதால் உடல்நலத்தில் வருமா என்று கேட்டார். செயலர் பேரவையைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அதற்குள் ஆடே வீட்டுக்கு வந்துவிட்டது. இருபத்துநான்காவது எண் 'இதர – தனிச் சீட்டில் எழுதவும்'. அந்தச் செவ்வாயன்று முப்பத்தெட்டுப் பேர் வேண்டினார்கள். முப்பத்தெட்டும் இதர.

அதே செவ்வாயன்று அம்மாவின் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. மன்னிக்கத் தயார், ஆனால் அவள் ஒரு மறுப்புரை வாசிக்க வேண்டும். அடுத்த வாரச் செவ்வாய் நவநாளில், பங்கு மக்கள் முன்னால், ஒலிபெருக்கியில், மூன்று முறை. மறுப்புரை விண்ணப்பம் ஆகாது என்பதால் சுற்றறிக்கை நான்கு அதற்குப் பொருந்தாது. மூலச் சீட்டில் உள்ள சொல்லையே பயன்படுத்த வேண்டும். வாசகம் இணைக்கப்பட்டிருந்தது:

"என் பாவு அறுந்து போகட்டும்."

நான் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது குறுக்கிழையை ஓட்டிக்கொண்டிருந்த நாடா அவள் கையிலேயே நின்றுவிட்டது.

தறி இல்லாத வீட்டில் இதை வாசித்தால் ஒன்றும் தோன்றாது. தறி உள்ள வீட்டில் சண்டையில்கூட இதைச் சொல்ல மாட்டார்கள். குடிகாரப் புருஷனை மண்ணாகப் போகச் சொல்லிச் சபிக்கிறவள்கூட அவன் உட்காரும் தறியின் பாவைச் சொல்ல மாட்டாள். அறுந்தால் அடுப்பு எரியாது.

"ஏண்டி, சாமி முன்னாடி நின்னுக்கினு என் வாயாலயே என் பாவு அறுந்து போவட்டும்னு சொல்லிட்டு, மறுநாளு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு தறிக்குழியில கால வெக்கிறது?"

அம்மா எழுந்து போய் அலமாரி மேலிருந்த அந்தோணியாரைச் சுவர் பக்கம் திருப்பினாள். வீட்டில் எதுவும் தொலைந்திருக்கவில்லை.

பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். சந்தியா குழந்தைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"சந்தியா, நீ வேற யாரையாவது நிறுத்திக்கோமா. நம்மால ஒரு நல்ல காரியம் நிக்கக் கூடாது."

சந்தியா நிமிரவே இல்லை. "ஏன் பெரியம்மா, ரெண்டு வாட்டியும் அந்த வராண்டாவுல என் பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? பேரவையா? நீ இல்லன்னா இதுக்கு ஞானஸ்நானமே வாணாம். வளந்து அதுவே போய் வாங்கிக்கட்டும்."

அவள் புருஷன் சத்யராஜ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் துரைக்கண்ணுவின் தறிக்கூடத்தில் நெய்கிறவன். "முதலாளிகிட்ட நான் பேசிப் பாக்கறேன்" என்றான். மறுநாள் பேசியும் பார்த்தான். "தறிக்கூடத்துல பேரவை விசயம் பேசக்கூடாதுப்பா, பேரவையில வந்து பேசு" என்று முதலாளி சொன்னாராம். பேரவையில் வந்து பேச உறுப்பினராக வேண்டும்.

திங்கட்கிழமை அம்மா சொன்னாள்: "சரி, படிக்கிறேன்னு எழுதிக் குடு."

எனக்கு நம்ப முடியவில்லை. இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அதையே சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். அன்று படுக்கும்வரை அவள் அந்தோணியாரின் முதுகிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

செவ்வாய் நவநாளுக்குக் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். பாதிக்கு மேல் தறிக்காரர்கள். துரைக்கண்ணு தன் தறிக்கூடத்து ஆட்கள் அனைவரும் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். பாவத்தின் பலன் என்ன என்று அவர்கள் பார்க்க வேண்டுமாம். முதலில் அவர் ஒரு சிற்றுரை ஆற்றினார்.

"அன்பார்ந்த இறைமக்களே. புனிதர்கள் நமக்காகப் பரிந்து பேசுபவர்கள். ஆனால் யார் எதைப் பேச வேண்டும் என்று அவர்களுக்கு ஒழுங்காக எடுத்துக் கொடுக்க ஓர் அமைப்பு வேண்டாமா? அந்தோணியார் காலத்தில் பங்குப் பேரவை இல்லை. அதனால் அவர் எவ்வளவு சிரமப்பட்டிருப்பார் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஞானஸ்நானத்தில் ஞானத்தாயிடம் சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று கேட்கிறோம். தன் பாவத்தையே விடாதவர் எப்படிச் சாத்தானை விடுவார்? ஆகவே இப்போது நம் சகோதரி கங்கையம்மாள்..."

அம்மா முன்னால் போனாள். நான் கூடவே போனேன். அவள் கையில் காகிதத்தைக் கொடுத்தேன். அவள் அதை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள், பிறகு தூரத்தில் பிடித்தாள். இடுப்பைத் தடவினாள். முந்தானையை உதறினாள்.

"ஐயோ, கண்ணாடி" என்றாள். "எங்கயோ தொலைஞ்சு போச்சுங்க ஐயா. ஒரு எழுத்தும் தெரியல."

கூட்டம் காத்திருந்தது. புலவர் எழுந்து, விதி ஆறின்படி மறுப்புரை வழங்குபவர் வாசிக்க இயலாதபோது பேரவைப் பொறுப்பாளர் ஒருவர் அவருக்காக அவருடைய சொற்களிலேயே வாசிக்கலாம் என்று நினைவூட்டினார். அம்மா காகிதத்தைப் புலவரிடம் கொடுக்கவில்லை, துரைக்கண்ணுவிடம் நீட்டினாள்.

"நீங்கதாங்க பெரியவரு. நீங்க படிச்சாதான் சாமிக்கு எட்டும்."

துரைக்கண்ணுவின் கையில் ஒலிபெருக்கி ஏற்கெனவே இருந்தது. அதை அவர் கையில் கொடுத்த பிறகு திரும்ப வாங்கியவர்கள் எங்கள் பங்கில் குறைவு.

அம்மாவின் கண்ணாடி, நான் தோளில் மாட்டியிருந்த பையின் பக்கவாட்டு அறையில் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது அவளே அதை வைத்ததை நான் பார்த்தேன். அதைச் சொல்வது முறையா, சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா, பொய் என்றால் யாருடைய பொய் என்று வரிசையாக யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"என் பாவு அறுந்து போகட்டும்!"

நடுவரிசையில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது.

"என் பாவு... அறுந்து போகட்டும்!" இரண்டாம் முறை அவர் குரலில் இன்னும் உருக்கம் சேர்ந்திருந்தது. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு, இடது கையை நெஞ்சில் வைத்து, சுரூபத்தின் பக்கம் திரும்பி நின்றபடி சொன்னார்: "என் பாவு அறுந்து போகட்டும்!"

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கூட்டம் சொன்னது. தறிக்கூடத்து ஆட்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

படியிறங்கும்போது அம்மா என் பைக்குள் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "பாத்தியா, அந்தோணியாரு உடனே கண்டுபுடிச்சுக் குடுத்துட்டாரு" என்றாள்.

புதன்கிழமை காலை துரைக்கண்ணுவின் நாற்பது தறிகளும் நின்றுவிட்டன. பாவு ஒன்றும் அறுந்துவிடவில்லை. யாரும் தறிக்குழியில் கால் வைக்கவில்லை, அவ்வளவுதான். நடந்ததை சத்யராஜ் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னான்.

"'இன்னாடா இது, வேலை நிறுத்தமா?'ன்னாரு. 'இல்லீங்க முதலாளி, நீங்களே மைக்குல மூணு வாட்டி சொல்லிட்டீங்க, நாங்க எப்படி உக்கார்றது'ன்னேன். 'அது கங்கையம்மாளுக்காகச் சொன்னதுடா'ன்னாரு. 'என் பாவுன்னுதானே சொன்னீங்க, அவங்க பேரு ஒரு வாட்டி கூட வரலியே'ன்னேன். அப்புறம் சொன்னாரு பாரு பெரியம்மா, 'டேய், அந்தப் பாவு வேற, இந்தப் பாவு வேற'ன்னு. கூட நெய்யிற பெரியசாமி அண்ணன் கேட்டாரு, 'சாமிக்கு அது தெரியுமா?'ன்னு. ஆளு அப்படியே உக்காந்துட்டாரு."

"சாமிக்குக் கோப்பு போயிருக்கும்பா" என்றாள் அம்மா, நாடாவை ஓட்டிக்கொண்டே.

ஆட்கள் கேட்டது ஒன்றே ஒன்று. சொன்ன அதே இடத்தில், அதே அந்தோணியார் முன்னால், பாவு அறுந்து போகாமல் இருக்க வேண்டும் என்று முதலாளி வேண்டிக்கொள்ள வேண்டும். அதுவரை யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். கல்யாண சீசன். துரைக்கண்ணு வியாழன் வரை பொறுத்தார். வெள்ளியன்று வெளியூரிலிருந்து ஆட்களை அழைத்துப் பார்த்தார். அவர்கள் வந்து, விஷயத்தைக் கேட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். மறுப்புரை விதிப்படி வாசிக்கப்பட்டுவிட்டதால் அம்மாவின் கோப்பு மூடப்பட்டிருந்தது. அவள் குழந்தையைப் பட்டுத் துண்டில் ஏந்திக்கொண்டு நின்றாள். அகிலா என்று பெயர். ஞானஸ்நானப் பெயர் அந்தோணியம்மாள். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்டார். "உட்டுட்டேன் சாமி" என்றாள் அம்மா. புத்தகத்தில் 'விட்டுவிடுகிறேன்' என்று இருந்தது. சாமியார் எதுவும் திருத்தவில்லை.

அன்று பூசை முடிந்து நான் அலுவலகத்தில் விண்ணப்பங்களை அடித்துக்கொண்டிருந்தபோது துரைக்கண்ணு வந்தார். கையில் உறை. உள்ளே எண் இருபத்துநான்கு, இதர, தனிச் சீட்டு. அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தார்: "எங்கள் தறிக்கூடத்தில் பாவு அறுந்து போகாமல் இருக்க வேண்டி. துரைக்கண்ணு, பங்குப் பேரவைத் துணைத் தலைவர்."

நான் அதைப் படித்தேன். ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. "ஐயா, இத எப்படி அடிக்கிறதுங்க?"

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "இதோ பாரும்மா. நான் துணைத் தலைவருன்றதால எனக்குன்னு ஒரு சலுகையும் வாணாம். எல்லாருக்கும் என்ன விதியோ அதுதான் எனக்கும். விதிப்படி அடி."

"விதிப்படியாங்க?"

"எழுத்துக்கு எழுத்து."

போய்விட்டார். கணினி இன்னும் பழுதாகவே இருந்ததால் கைப்பேசியில் அடித்தேன். இந்த முறை அது மாற்றாமல், சரியாகப் 'பாவு' என்றே விட்டுவிட்டது. நான் கோப்பிலிருந்து சுற்றறிக்கை எண் நான்கை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. ஒருவேளை நான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று மறுபடியும் படித்தேன். பத்து முறை படித்தேன். பத்து முறையும் அது அப்படியேதான் இருந்தது. திருத்தினேன், மூன்று படிகள் எடுத்தேன்.

செவ்வாய் நவநாளில் தறிக்கூடத்து ஆட்கள் எல்லாரும் யாரும் சொல்லாமலே வந்திருந்தார்கள். துரைக்கண்ணு முன்வரிசையில் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். புலவர் மாணிக்கவேல் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டு வாசித்துக்கொண்டே வந்தார். பதினெட்டு, பத்தொன்பது. இருபது.

"எங்கள் தறிக்கூடத்தில் பாவம்," என்று கணீரென்று ஆரம்பித்து, வழக்கம் போல ஒரு நொடி நிறுத்தி, "அறுந்து போகாமல் இருக்க வேண்டி. துரைக்கண்ணு, பங்குப் பேரவைத் துணைத்..."

அதற்குமேல் அவர் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை. நடுவரிசையில் சத்யராஜ் எழுந்து நின்று, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றான். முந்நூறு பேர் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அந்தக் கோயிலில் அவ்வளவு பெரிய மன்றாட்டை நான் கேட்டதில்லை. துரைக்கண்ணு திரும்பிப் பார்த்தார். பிறகு சுரூபத்தைப் பார்த்தார். பிறகு கூப்பிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

அம்மாவின் மடியில் அகிலா தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா குழந்தையின் காதைத் துண்டால் மூடியபடி என் பக்கம் சாய்ந்தாள்.

"இன்னாடி சொன்னாரு அந்த ஆளு?"

"பாவம்னு சொன்னாரும்மா."

"யாரு பாவம்?"

"துரைக்கண்ணு ஐயா."

அம்மா எட்டி முன்வரிசையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாவம்" என்றாள்.